சென்னை டு நியூயார்க் எவ்ளோ தூரம், எத்தன மணி நேரம்? கீழக்கரையில உக்காந்தே கணக்குப் போடுறதுக்கு முழு வழிகாட்டி

எங்க தெருவுல யாருக்கு பிளைட் டிக்கெட் வந்தாலும் அந்த பிடிஎஃப் நேரா என் வாட்ஸ்அப்புக்குத்தான் வரும், "தம்பி இது மொத்தம் எத்தன மணி நேரம்னு பாத்துச் சொல்லுப்பா"ன்னு. துபாய், சிங்கப்பூர், ஜித்தான்னு இருந்தவரைக்கும் வாய்க்கணக்குலயே சொல்லிருவேன். போன வருஷம் தங்கச்சிக்கு பிரசவம்னு உம்மாவுக்கு நியூயார்க் டிக்கெட் போட்டோம், அப்பத்தான் நானே பேப்பர் பேனா எடுத்து ஒழுங்கா உக்காந்தேன். உம்மா டிக்கெட்டப் பாத்துட்டு "காலைல 4 மணிக்கு ஏறுறேன், அன்னைக்கே மதியம் 2.45க்கு இறங்குறேன், பத்தே முக்கா மணி நேரம்தானே, மெட்ராஸ் பஸ்ஸு மாதிரிதான்"னு சொல்லிட்டாங்க. அது பத்தே முக்கா இல்ல, இருபதேகால்.

அதனால மொதல்லயே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. தூரம் ஒரு கணக்கு, பறக்குற நேரம் ஒரு கணக்கு, கடிகாரம் காட்டுறது ஒரு கணக்கு, வீட்டு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் ஆகுறது இன்னொரு கணக்கு. நாலையும் ஒண்ணாப் போட்டு கொழப்புறதுலதான் எல்லா வம்பும். தனித்தனியாப் பாப்போம்.

1. ஊர் இல்ல, ஏர்போர்ட்

கணக்கு எப்பவுமே ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுலதான். டிக்கெட்ல மூணெழுத்து கோடு இருக்கும், சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம், துபாய்க்கு டிஎக்ஸ்பி. பெரிய ஊர்னா ஒண்ணுக்கு மேல ஏர்போர்ட் இருக்கும், நியூயார்க்குன்னு தேடுனா ஜேஎஃப்கேயும் வரும் நியூவார்க்கும் வரும், நியூவார்க் பக்கத்து மாநிலமான நியூஜெர்சில இருக்கு. கூட்டிட்டுப் போக வர்ற ஆளு ஒரு ஏர்போர்ட்லயும் நீங்க இன்னொண்ணுலயும் நின்னீங்கன்னா கணக்கெல்லாம் கரெக்டா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

2. அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்குறது

கூகுள் மேப்ல ஏர்போர்ட் மேல விரல வச்சு அழுத்திப் பிடிச்சா ரெண்டு நம்பர் வரும், அவ்ளோதான்.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.18.
ஜேஎஃப்கே: வடக்கு 40.64, மேற்கு 73.78. மேப்ல இந்த ரெண்டாவது நம்பர் மைனஸோட வரும்.

இங்கதான் நான் மொத தடவ வழுக்குனேன். ரெண்டு தீர்க்கரேகைக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு பாக்கணும். ஒண்ணு கிழக்கு ஒண்ணு மேற்குன்னா கூட்டணும், ரெண்டும் ஒரே பக்கம்னாத்தான் கழிக்கணும். 80.18 கூட்டல் 73.78, 153.96 டிகிரி. நான் மைனஸப் பாக்காம கழிச்சுட்டேன், 6.4 வந்துச்சு, அத வச்சு கணக்குப் போட்டா சென்னைல இருந்து நியூயார்க் 3,140 கிலோமீட்டர்தான்னு வருது, துபாய்க்குப் போறத விட கொஞ்சம்தான் கூட. என்னடா இதுன்னு மேப்ல தேடிப்பாத்தா அந்த எடம் கிர்கிஸ்தான் மலைக்குள்ள இருக்கு. ஒரு கோடு விட்டதுக்கு உம்மாவ அங்க இறக்கிவிட்டிருப்பேன்.

கூட்டி வர்ற நம்பர் 180க்கு மேல போனா மட்டும் 360ல இருந்து கழிச்சுக்கங்க, அந்தப் பக்கமா சுத்திப் போறதுதான் கிட்டம்னு அர்த்தம்.

3. தூரம்

உலகம் உருண்டைங்கறதால ரெண்டு ஊருக்கு நடுவுல உள்ள குறுக்கு வழி நேர்கோடு இல்ல, ஒரு வில்லு மாதிரி வளைவு. போன் கால்குலேட்டர படுக்க வச்சீங்கன்னா சைன், காஸ் பட்டனெல்லாம் வரும், டிகிரில இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, ரேடியன்ல இருந்தா குப்பையா வரும்.

மொத அட்சரேகையோட சைனையும் ரெண்டாவதோட சைனையும் பெருக்குங்க: 0.2248 இன்ட்டு 0.6513, 0.1464.

அடுத்து ரெண்டு அட்சரேகையோட காஸையும் பெருக்கி அதோட அந்த 153.96ஓட காஸையும் பெருக்குங்க: 0.9744 இன்ட்டு 0.7588 இன்ட்டு மைனஸ் 0.8985, மைனஸ் 0.6643 வரும்.

ரெண்டையும் கூட்டுனா மைனஸ் 0.5179. இதுக்கு காஸ் இன்வர்ஸ் பட்டன அமுக்குனா 121.2 டிகிரி. கணக்கு முடிஞ்சுது, இனிமே அத கிலோமீட்டராக்குறதுதான்.

இது நம்ம கடக்கரை ஆளுகளுக்கு ரொம்ப சுலபம். போட்ல உள்ள ஜிபிஎஸ்ஸ பாத்துப் பழகுனவங்களுக்குத் தெரியும், வடக்கு தெக்கா ஒரு நிமிஷம் (இது நேரம் இல்ல, டிகிரியோட பங்கு) நகந்தா ஒரு நாட்டிக்கல் மைல், 60 நிமிஷம் ஒரு டிகிரி. அப்ப 121.2 இன்ட்டு 60, 7,272 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்குனா சுமாரா 13,470 கிலோமீட்டர். விமானத்துக்காரங்களும் நம்மள மாதிரியே நாட்டிக்கல் மைல்லயும் நாட்லயும்தான் (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்னா ஒரு நாட்) பேசுறாங்க, அவங்களுது 480 நாட் சுமாரு, நம்மளுது எவ்ளோன்னு சொல்லி அசிங்கப்பட வேணாம்.

கணக்கே வேணாம்னா பள்ளிக்கூடத்து உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ள உருண்டைல ஒரு சென்டிமீட்டர் நூல் சுமாரா 425 கிலோமீட்டர். சென்னைல ஒரு நுனிய வச்சு நியூயார்க் வரைக்கும் இழுத்துப் பிடிங்க, 32 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வரும். சுவத்துல தொங்குற மேப்ல மட்டும் ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, உருண்டைய தட்டையாக்குனதுல வடக்க போகப்போக எல்லாம் இழுபட்டு பெருசாத் தெரியும்.

நூல இழுக்குறப்ப இன்னொண்ணும் தெரியும். மண்டபத்துல விசைப்படகு ஓட்டுற மச்சான் ஒருத்தன்கிட்ட கேட்டேன், "சென்னைல இருந்து நியூயார்க்குக்கு அணியத்த எந்தப் பக்கம் திருப்புவ?"

"இதென்ன கேள்வி, மேக்க."

"காம்பஸ்ல 337."

அவன் கையாலயே காத்துல ஒரு வட்டம் போட்டுப் பாத்துட்டு, "அது வடக்குல்லடா?"ன்னான். ஆமா, வடக்குல இருந்து 23 டிகிரிதான் மேற்க சாயுது. அந்தக் கோடு அப்படியே ஏறி 68 டிகிரி அட்சரேகை கிட்ட போயி, நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவுல உள்ள கடல் மேல உச்சியத் தொட்டு, அப்புறம் கீழ இறங்கி அமெரிக்கா போவுது. கடைசி வரைக்கும் அவன் நம்பல, சாயந்தரம் மக வச்சிருந்த உருண்டைல நூல் பிடிச்சுப் பாத்துட்டு போன் பண்ணுனான்.

4. நிஜமாப் போற பாதை

மேல போட்டது பறவைக்கணக்கு. சென்னைல இருந்து நியூயார்க்குக்கு நேரடி பிளைட் கிடையாது, எங்கயாவது இறங்கி மாறித்தான் ஆகணும். துபாய் வழியா போனா சென்னை–துபாய் 2,930, துபாய்–ஜேஎஃப்கே சுமாரா 11,000, மொத்தம் 13,930. நேர் கோட்ட விட 460 கிலோமீட்டர்தான் கூட, கீழக்கரைல இருந்து மெட்ராஸ் போற தூரம் கூட இல்ல! வளைகுடா ஏர்போர்ட்டுக எப்படி இப்படி கொழிக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, நம்ம ஊர்ல இருந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போற வழில கிட்டத்தட்ட அச்சுக்கோட்டுலயே உக்காந்துருக்காங்க. அதே சிங்கப்பூர் வழியா அமெரிக்கா டிக்கெட் மலிவா கெடைக்குதுன்னு யாராவது சொன்னா ஒரு தடவ நூல் பிடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சிங்கப்பூர்–நியூயார்க் மட்டுமே 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல, உலகத்துலயே நீளமான நேரடி சர்வீஸ்ல அது ஒண்ணு. அதுவும் போக நீங்க மொதல்ல கிழக்க 2,920 போயிட்டு அப்புறம் ஆரம்பிக்குறீங்க.

இது தவிர வானத்துல கேட் போட்டு மூடுன எடங்களும் இருக்கு. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்த மூடுனப்ப டெல்லில இருந்து மேற்க போறதெல்லாம் அரபிக்கடல் பக்கமா சுத்திப் போச்சு. சண்டை நடக்குற எடத்தையும் ஒதுக்கித்தான் போவாங்க. அதனால கணக்குல வந்த தூரத்தோட நூத்துக்கு அஞ்சு சேத்து வச்சுக்கிட்டா சேதாரம் இல்ல.

5. பறக்குற நேரம்

தூரத்த 850ஆல வகுத்து முக்கா மணி நேரம் சேருங்க. ஏறுறது, இறங்குறது, ரன்வேல வரிசைல நிக்குறது எல்லாம் அந்த முக்கா மணிக்குள்ள. டிக்கெட்ல போட்டுருக்குற நேரம் சக்கரம் நகர ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பக்கம் போயி நிக்குற வரைக்கும்.

துபாய் 2,930ஐ வகுத்தா மூணு மணி இருபத்தேழு நிமிஷம், முக்கா சேத்தா நாலேகால் சுமாரு. டிக்கெட்லயும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும். துபாய்–நியூயார்க் 11,000க்கு பதிமூணே முக்கா வருது, ஆனா டிக்கெட்ல போறப்ப 14 மணி நேரம், திரும்பி வர்றப்ப பன்னெண்டரை. அதே ரோடு, அதே வண்டி, ஒண்ணரை மணி நேரம் எங்க போச்சு?

காத்துதான். வடக்க, விமானம் பறக்குற பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல வருஷம் பூரா ஒரு கச்சான் அடிச்சுக்கிட்டே இருக்கு, மேற்குல இருந்து கிழக்க, ஆறு மாதிரி ஓடும், ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க. குளிர்காலத்துல வேகம் இன்னும் கூடும். அமெரிக்காவுக்குப் போறப்ப எதிர்காத்து, வர்றப்ப அது முதுகுல தள்ளும். கடலுக்குப் போறவங்களுக்கு இத நான் சொல்லித்தரணுமா, எதிர்காத்துல வந்தா டீசல் எவ்ளோ குடிக்கும்னு அவங்களுக்குத் தெரியாததா. பைலட்டும் முடிஞ்சவரைக்கும் போறப்ப அந்தக் காத்த ஒதுக்கிப் போவாரு, வர்றப்ப அதுக்குள்ள போயி விழுவாரு, அதனால போற பாதையும் வர்ற பாதையும் கூட ஒண்ணா இருக்காது.

நம்ம தலைக்கு மேல இது தலைகீழ். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கீழ நமக்கு கச்சான் மண்ணள்ளி வீசுறப்ப, மேல ரொம்ப உசரத்துல கொண்டல் அடிக்குது, கிழக்குல இருந்து மேற்க. கோட்டேஸ்வரம்னு நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி 1950கள்ல இத கண்டுபிடிச்சு எழுதுனாரு. அதோட உச்ச வேகம் விமானம் பறக்குற உயரத்துக்கும் மேலதான், அதனால துபாய் சிங்கப்பூர் போறவங்களுக்கு நிமிஷக்கணக்குலதான் வித்தியாசம் வரும்.

6. கடிகாரக் கணக்கு

இதுக்கு ஒரே ஒரு வழிதான், எல்லாத்தையும் இந்திய டைமுக்கு மாத்தி எழுதுங்க, அப்புறம் கழிங்க. துபாய் நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை முன்னாடி, ரெண்டும் வருஷம் பூரா மாறாது. நியூயார்க் மட்டும் மாறும்: மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைல இருந்து நவம்பர் மொத ஞாயிறு வரைக்கும் ஒம்பதரை மணி நேரம் பின்னாடி, மத்த மாசத்துல பத்தரை.

உம்மா டிக்கெட் இப்படி, மாசம் ஜூலை:

சென்னைல காலைல 4.00க்கு கெளம்புது. நாலேகால் மணி நேரம். இந்திய டைம் 8.15, துபாய் சுவத்துல 6.45.
துபாய்ல ரெண்டு மணி நேரம் காத்திருப்பு. துபாய் டைம் 8.45, நமக்கு 10.15.
அங்க இருந்து 14 மணி நேரம். நமக்கு ராத்திரி 12.15, அவங்களுக்கு அன்னைக்கே மதியம் 2.45.

மொத்தம் 20 மணி 15 நிமிஷம். ஒம்பதரை மணி நேரத்த வழியிலயே கடிகாரம் முழுங்கிருச்சு, அதான் பத்தே முக்காவாத் தெரிஞ்சுது.

திரும்பி வர்றப்ப முழுங்குனத கக்கும். 10ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு அங்க ஏறுனா, பன்னெண்டரை மணி நேரம் பறந்து, ரெண்டு மணி நேரம் துபாய்ல உக்காந்து, நாலு மணி நேரம் பறந்து, சென்னைல 12ஆம் தேதி விடியக்காலைல 3 மணிக்கு இறங்கும். பாத்தா 28 மணி நேரம், ஆனா உடம்புக்கு ஆனது பதினெட்டரைதான். 11ஆம் தேதிங்கறது என்னமோ வந்துச்சு போச்சுன்னு இருக்கும்.

7. நடுராத்திரி தேதி

இத தனியா எழுதுறதுக்குக் காரணம் எங்க சாச்சா, அதாவது சித்தப்பா. டிக்கெட்ல 15ஆம் தேதி 00.40ன்னு போட்டுருந்துச்சு. அவரு 15ஆம் தேதி பகல்ல ஊருல எல்லாருகிட்டயும் சலாம் சொல்லி, ரெண்டு டப்பா தொதல் கட்டிக்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையோட ஏர்போர்ட்ல போயி நின்னாரு. கவுன்டர்ல இருந்த பொண்ணு டிக்கெட்டயும் அவரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "ஐயா, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே"ன்னுச்சு. சாச்சா "இல்லம்மா, தேதி இன்னைக்குத்தான் போட்டுருக்கு"ன்னு விரல வச்சு காட்டுறாரு. அந்தப் பொண்ணும் "ஆமாங்கய்யா, இன்னைக்குத்தான். இன்னைக்கு ஆரம்பிச்சு நாப்பதாவது நிமிஷம்"னுச்சு. டிக்கெட் காசு போச்சு, தொதல அங்கயே லாட்ஜ்ல பிரிச்சுத் தின்னுட்டு வந்தாரு.

00லயோ 01லயோ 02லயோ ஆரம்பிக்குற டைம் டிக்கெட்ல இருந்தா அதுக்கு முந்துன நாள் ராத்திரிதான் ஏர்போர்ட் போகணும். காலண்டர்ல முந்துன நாள வட்டம் போடுங்க, டிக்கெட்ல உள்ள தேதிய இல்ல. சென்னைல இருந்து வெளிநாடு போறதுல நெறய பிளைட்டு இந்த நேரத்துலதான் கெளம்புது.

8. நடுவுல மாறுறது

முழுப் பயணமும் ஒரே டிக்கெட் நம்பர்ல இருந்தா மொத பிளைட்டு லேட்டானாலும் அடுத்ததுல ஏத்திவிடுறது அவங்க பொறுப்பு, பெட்டியும் பொதுவா நேரா கடைசி ஊருக்குப் போயிரும். காசு மிச்சம்னு தனித்தனியா ரெண்டு டிக்கெட் வாங்குனா அந்தப் பொறுப்பு உங்க தலைல, நடுவுல பெட்டிய எடுத்து திரும்பப் போடணும், அதுக்கு அந்த நாட்டு விசா வேற தேவைப்படலாம். வயசானவங்களுக்கு தனி டிக்கெட் போடவே போடாதீங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப்போறீங்க.

ஒரே டிக்கெட்டுங்கறது நம்ம கரைக்கு புதுசும் இல்ல. 1914ல பாம்பன் பாலம் தொறந்ததுக்கு அப்புறம் போட் மெயில்ல மெட்ராஸ்ல ஏறி, தனுஷ்கோடில கப்பல் மாறி, தலைமன்னார்ல திரும்ப ரயில் பிடிச்சு கொழும்பு வரைக்கும் போவாங்க, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிய அடிச்சுட்டுப் போற வரைக்கும். அதுதான் எங்க ஊரு கனெக்ஷன் பிளைட்டு. இன்னைக்கும் ராமநாதபுரத்துல இருந்து நேர்கோட்டுல கொழும்பு ஏர்போர்ட் 270 கிலோமீட்டர், சென்னை ஏர்போர்ட் 430. ஆனா கொழும்பு போறதுக்கு நாங்க மொதல்ல மதுரைக்கோ திருச்சிக்கோ மெட்ராஸுக்கோதான் போகணும்.

மாறுறதுக்கு நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கட்டும். வீல்சேர் கேட்டுருந்தா இன்னும் ஒரு மணி நேரம் கூட வச்சுக்கங்க, அது வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

9. வாசல் டு வாசல்

எந்த வெப்சைட்டும் சொல்லாத கணக்கு இது. காலைல 4 மணி பிளைட்டுக்கு 1 மணிக்காவது ஏர்போர்ட்ல நிக்கணும். கீழக்கரைல இருந்து கார்ல போனா ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, சாப்பாடு தொழுகைன்னு நிறுத்தி நிறுத்திப் போக பத்து மணி நேரம், வழில எதுவும் ஆனாலும் தாங்கட்டும்னு மூணு மணி நேரம் கைல வச்சுக்கிட்டு முந்துன நாள் பகல் 12க்கே கெளம்பணும். அப்ப கெளம்புனதுல இருந்து விமானம் நகருற வரைக்கும் 16 மணி நேரம், பயணம் இருபதேகால், அங்க இமிக்ரேஷன் வரிசை பெட்டி கார்னு ரெண்டு. மொத்தம் முப்பத்தெட்டேகால் மணி நேரம். அதுல வானத்துல இருந்தது பதினெட்டேகால், மீதி இருபது தரையில.

ரயில்னா ராமநாதபுரத்துல சாயங்காலம் ஏறி விடிய தாம்பரத்துல இறங்கிக்கங்க, எழும்பூர் வரைக்கும் போயி திரும்பி வராதீங்க. தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் பிடிச்சா திரிசூலம், ஸ்டேஷனுக்கு எதுத்தாப்லயே ஏர்போர்ட். ஆனா நடுராத்திரி பிளைட்டுக்கு விடியக்காலைல போயி இறங்குனா ஒரு முழு பகல் மெட்ராஸ்ல ஓட்டணும், சொந்தக்காரங்க வீடு இருந்தா நல்லது.

துபாய் போறவங்க மதுரைய மொதல்ல பாருங்க. மதுரைல இருந்து துபாய் 2,950 கிலோமீட்டர், சென்னைய விட 20 கூட, அவ்ளோதான். ஆனா மதுரை ஏர்போர்ட்டுக்கு கீழக்கரைல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். சிங்கப்பூர், மலேசியான்னா திருச்சி.

எங்க வாப்பாவோட வாப்பா ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறி பினாங்கு போனவரு, ஒரு வாரம் கடல்ல. அவருகிட்ட இந்த முப்பத்தெட்டு மணி நேரத்தச் சொல்லி அலுத்துக்கிட்டா அடிப்பாரு.

உம்மாவுக்கு இன்னொரு கேள்வியும் ரொம்ப நாளா இருந்துச்சு. பெரிய காக்கா (அண்ணன்) துபாய்ல, சின்ன காக்கா சிங்கப்பூர்ல, ரெண்டு பேர்ல யாரு தூரம்? சின்னவருதான் தூரம்னு அவங்களா ஒரு முடிவுல இருந்தாங்க, அவரு போன் பண்ணுறப்ப அங்க ராத்திரி ஆயிருக்கும், பெரியவரு பண்ணுறப்ப வெயில் அடிக்கும். கணக்குப் போட்டேன், துபாய் 2,930, சிங்கப்பூர் 2,920. பத்து கிலோமீட்டர் வித்தியாசம், கிட்டத்தட்ட ஏர்வாடி போற தூரம்தான். "அப்ப ஏன் பெரியவன் மட்டும் வருஷா வருஷம் வர்றான்?"னு கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்ல.

கடைசி வேலை, ஒரு துண்டுச் சீட்டு. வயசானவங்க தனியாப் போனா டிக்கெட் பிரின்ட் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க, எல்லா டைமையும் இந்திய டைம்ல பெரிய எழுத்துல எழுதி கைல குடுங்க, வாட்ச மாத்தச் சொல்லாதீங்க. மாத்திரை எந்த நேரத்துல போடணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு அதையும் அந்த டைம்லயே எழுதிருங்க. உம்மா சீட்டுல நான் எழுதுனது இவ்ளோதான்:

உங்க வாட்ச்ல 8.15, துபாய். எறங்கி வீல்சேர் வர்ற வரைக்கும் உக்காருங்க.
10.15, ரெண்டாவது பிளைட்டு கெளம்பும்.
மதியம் 1.30, சாப்பாடு குடுக்கலேன்னா கேளுங்க, சுகர் மாத்திரை.
ராத்திரி 12.15, நியூயார்க். வெளிய வெயில் அடிக்கும், பயப்படாதீங்க.